லயக் காம்பராவில் தூக்கம் வராத இரவுகள்: பதற்றமும் மனச்சோர்வும் கூடவே இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில்) யார் எப்படி இருமுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். மூன்றாம் காம்பராத் தாத்தாவுக்கு வறட்டு இருமல். தொங்கல் காம்பராப் பிள்ளைக்குச் சளி இருமல். இரண்டுக்கும் நடுவில் கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டும். ஒன்றரை வருடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பகலில் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். அந்த நாட்களில் கரும்பலகையில் எழுதத் தொடங்கிய வசனம் பாதியில் மறந்துபோகும்.

“என்ன புள்ள, ராவெல்லாம் பொரண்டுகிட்டே கெடக்க?” என்று அம்மா கேட்பார். முதலில் கண்ணூறு என்றார். கோயில் பூசாரி திருநீறு மந்திரித்துக் கொடுத்து, கையில் கயிறும் கட்டினார். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. கயிறு கட்டிய அன்று அம்மாவாவது நிம்மதியாகத் தூங்கினார்.

போனில் தேடினேன். படுக்கையறையைத் தூக்கத்துக்கு மட்டும் வைத்திருங்கள், தூக்கம் வராவிட்டால் வேறு அறைக்குப் போங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை), ஆட்கள் ஐந்து பேர். வேறு அறை என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் அறைதான். பிறகு கிளினிக்கில் சொல்லித் தந்ததை எங்கள் காம்பராவுக்கு ஏற்றபடி மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் அவசரமான ஒன்று

செத்துப் போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால் மற்றப் படிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1926 என்ற எண்ணுக்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ், காசு இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கூடவே இன்னொரு வேலையும் செய்யுங்கள். களைக்கொல்லி, பூச்சிமருந்து, மிச்சம் கிடக்கும் மாத்திரைகள் எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. வேறு யாராவது ஒருவர் பூட்டி வைத்துக்கொள்ளட்டும். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகுதான் அது பெரிதாகக் குறைந்தது. அந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல வந்து வடிந்துவிடும். வடியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர் தப்பும்.

தூக்கம் வரவில்லையா, தூங்க நேரமே இல்லையா?

இந்தக் கேள்வியை நம் பெண்கள் தங்களைக் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை 4 மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, பெரட்டுக்கு (காலை வேலைப் பதிவுக்கு) ஓடி, மலையிலிருந்து வந்து மறுபடி அடுப்பு, துணி என்று இரவு 11 மணிக்குச் சாய்ந்தவுடன் கண் அசந்துவிடுகிறது என்றால் அது தூக்கமின்மை நோய் இல்லை. வேலை கூடிப்போன வீடு. அதற்கு மருந்து வீட்டில் உள்ள ஆம்பிளைகள் குசினிப் பக்கம் போவது.

நேரம் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, அல்லது நடுவில் விழித்தால் திரும்ப வரவில்லை, பகலில் தலை பாரமும் எரிச்சலும் இருக்கிறது, இப்படி வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதத்துக்கு மேல் போகிறது என்றால் அதைத்தான் நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள்.

பதற்றம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தூக்கம் பிடிப்பதே கஷ்டம். மனச்சோர்வில் விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடும், காலை நேரம்தான் நாளிலேயே மோசமானதாக இருக்கும். எனக்கு இரண்டும் இருந்தன.

மனசு சரியானால் தூக்கம் தானாக வரும் என்றுதான் நானும் காத்திருந்தேன். மருத்துவமும் முன்பு ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தது, தூக்கமின்மையை வேறொரு நோயின் வால் என்று. 2013இல் வெளிவந்த, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, தனி நோய், வேறு நோயின் வால் என்ற அந்தப் பிரிப்பை எடுத்துவிட்டது. கூட வேறு நோய் இருந்தாலும் தூக்கமின்மையைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்பது இப்போதைய நிலை. எனக்கு இது பெரிய ஆறுதல். மனசு முழுக்கக் குணமாகும்வரை காத்திராமல் இன்றிரவே ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம்.

இன்னொன்றும் கிளினிக்கில் புரிந்தது. தூக்கத்தைக் கெடுத்தது ஒன்று, கெட்டதைக் கெட்டபடியே வைத்திருப்பது வேறு. எனக்குக் கெடுத்தது அப்பாவின் சாவும் அவர் விட்டுப்போன கடனும். தொடர வைத்ததோ இரவு 8 மணிக்கே போய்ப் படுத்ததும், ஞாயிறு பத்து மணிவரை கம்பளிக்குள் கிடந்ததும்.

ஆஸ்பத்திரிக்குப் போவது

ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போகும், பஸ் காசு போகும். ஆனாலும் ஒரு தடவை போயே ஆக வேண்டும். தைரொயிட் கோளாறு, இரத்தச்சோகை, ஆஸ்துமா, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். படுத்தால் கால் குடைந்து ஆட்டத் தோன்றுகிறது என்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். அதை மறக்காமல் சொல்லுங்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் தொடங்கலாம். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை ஆகிய பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆதார வைத்தியசாலைகள் பலவற்றிலும் கிளினிக் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் செலவில்லை. “அங்கொடைக்குப் போற கேஸ்” என்று, மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லி யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் முதலில் போன ஓரிடத்தில் முழுக்கக் கேட்காமலே சளி மாத்திரையைச் சுற்றித் தந்து அனுப்பிவிட்டார்கள். அதனால் இரண்டாம் தடவை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை மாதமாக, எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை மணி நேரம் தூங்குகிறேன், என்ன மாத்திரை போடுகிறேன், சாகத் தோன்றுகிறதா இல்லையா. டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் “நிந்த யன்னே நே” என்று தொடங்கினால் போதும், தூக்கம் வருவதில்லை என்பது புரியும். மீதிக்குச் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஆனால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் சாவு எண்ணத்தைப் பத்து வயதுப் பிள்ளை எடுத்துச் சொல்லக் கூடாது.

இரண்டு வாரம் கொப்பி எழுதுவது

ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். தினமும் காலையில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூக்கம் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், நடுவில் எத்தனை தடவை விழித்தீர்கள், கடைசியாக விழித்தது, பாயை விட்டு எழுந்தது. எல்லாம் குத்துமதிப்பாகத்தான். இரவில் போனை எடுத்து நேரம் பார்த்து எழுதினால் காரியம் கெட்டுவிடும். மணி பார்க்கப் பார்க்க “இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கு” என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

அன்று குடித்த தேத்தண்ணி எத்தனை, பகலில் தூங்கினீர்களா, நாள் எப்படிப் போனது என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் கொப்பியில் ஒரு வேடிக்கை இருந்தது. மூன்று மணி நேரம்கூடத் தூங்காத இரவுக்கு மறுநாள், ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நன்றாகப் படிப்பித்தேன் என்று எழுதியிருந்தேன். இன்று தூங்காவிட்டால் நாளை எல்லாம் போச்சு என்று நான் நடுங்கியது எப்போதும் உண்மையாக இருக்கவில்லை.

படுக்கும் நேரத்தைக் குறைப்பது

இதுதான் மொத்தத்திலும் பலமான படி, நம்பக் கஷ்டமானதும் இதுதான். தூக்கம் போதவில்லை என்று வந்தவளிடம் குறைவாகப் படு என்றார்கள்!

காரணம் இதுதான். விழித்திருக்க விழித்திருக்கத் தூக்கப்பசி ஏறும். ஐந்து மணி நேரத் தூக்கத்தை எட்டு மணி நேரப் பாயில் பரப்பினால், அரைப் படி அரிசியைப் பெரிய அண்டாவில் போட்டுக் காய்ச்சிய கஞ்சி மாதிரி நீர்த்துப்போகும். பாத்திரத்தைச் சின்னதாக்க வேண்டும். இந்த முறையை 1980களில் ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுத்தார். தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையின் (யோசனையையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை) முதுகெலும்பு இது. அந்தச் சிகிச்சையைத்தான் வயது வந்த எல்லோருக்கும் மாத்திரைக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

கணக்கு இலகுவானது. என் கொப்பிப்படி இரவு 8.30 முதல் காலை 4.30 வரை எட்டு மணி நேரம் பாயில் இருந்தேன், தூங்கியது சராசரி 5 மணி நேரம். முதலில் எழும் நேரத்தை மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு 4.30. அதிலிருந்து தூங்கும் அளவோடு அரை மணி சேர்த்துப் பின்னால் எண்ணினால் இரவு 11 மணி. அதற்கு முன் பாய் விரிக்கக் கூடாது. ஞாயிறு, போயா, தீபாவளி எல்லா நாளும் 4.30க்கு எழ வேண்டும். கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள்.

ஒரு வாரம் இப்படி. பாயில் இருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால், அதாவது 330 நிமிடத்தில் ஒரு 280 நிமிடமாவது, அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். இல்லாவிட்டால் இன்னொரு வாரம் அப்படியே இருங்கள். இப்படியே வாரம் வாரம் கூட்டி, பகலில் தெம்பாக இருக்கும் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

முதல் இரண்டு வாரம் உயிர் போகும், அதை மறைக்க மாட்டேன். ஒன்பது மணிக்கே கண் சொருகும். நான் நின்றுகொண்டு துணி மடித்தேன், கொப்பி திருத்தினேன். தங்கச்சியிடம் “நான் தூங்கி விழுந்தா தண்ணி தெளி” என்று சொல்லி வைத்திருந்தேன். அவளுக்கு அது பெரிய சந்தோஷம்.

எல்லோருக்கும் இது சரிவராது. மனம் சில காலம் அளவுக்கு மீறி உற்சாகமாகிப் பிறகு விழும் இருமுனை நோய் உள்ளவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. லொறி, ஆட்டோ ஓட்டுபவர்களும் தொழிற்சாலையில் ரோலர் பக்கம் நிற்பவர்களும் அப்படித்தான். சரிவான மலையில் கொழுந்து பறிப்பவர்கள் ஐந்தரை என்பதை ஆறு, ஆறரை என்று தளர்த்தி மெதுவாகச் செய்யலாம்.

ஒரே காம்பராவில் எழுந்து எங்கே போவது

தூக்கம் வராமல் பாயில் புரளப் புரள, பாயைக் கண்டாலே உடம்பு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் எழுந்து போகச் சொல்கிறார்கள். கால் மணி நேரம் போன மாதிரித் தோன்றினால் எழுந்துவிடுங்கள். எனக்குக் குசினிதான் இடம். அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு, கம்பளி போர்த்தி, உளுந்தில் கல் பொறுக்குவேன். நடுராத்திரியில் இதைவிடச் சலிப்பான வேலை கிடையாது, அதுதான் வேண்டும். போன் வேண்டாம். கண் சொருகினால் மட்டும் திரும்பிப் போய்ப் படுங்கள்.

குசினியிலும் யாராவது படுத்திருந்தால்? பாயிலேயே எழுந்து உட்காருங்கள். தலையணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருங்கள். தூக்கம் வந்ததும் தலையணையைப் போட்டுப் படுங்கள். அரைகுறைதான், ஆனால் வேலை செய்கிறது. பகலில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவதும் உதவும். கட்டில் உள்ளவர்கள் அதில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் டிவி பார்ப்பதையும் நிறுத்தினால் போதும்.

குளிருக்கு ஒரு சின்ன விஷயம். நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் குளிரில் பாதம் சில்லிட்டிருந்தால் தூக்கம் பிடிக்காது. படுக்கு முன் வெந்நீரில் கால் நனைத்துத் துடைத்து சொக்ஸ் போட்டுப் பாருங்கள். கரி நெருப்புச் சட்டியை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து வருவது வாசனையே இல்லாத நச்சுவாயு, ஆளைக் கொன்றுவிடும்.

யோசனைக்கு ஒரு நேரம்

“யோசிக்காதீங்க” என்பார்கள். யோசிக்காமல் இருக்க முடிந்தால் ஏன் கிளினிக்குக்கு வருகிறோம்? யோசனைக்கு நேரம் ஒதுக்குவதுதான் வழி. மாலை 6.30க்கு இருபது நிமிடம் கொப்பியோடு உட்காருங்கள். நடுவில் ஒரு கோடு. இடப் பக்கம் நாளை ஏதாவது செய்யக்கூடியது: “அடகு வட்டி 15ஆம் திகதி, இடைவேளையில் வங்கிக்குப் போன் பண்ண வேண்டும்.” வலப் பக்கம் நம் கையில் இல்லாதது: “அக்கா குவைத்தில் எப்படி இருக்கிறாளோ.” இரவில் அதே யோசனை வந்தால், எழுதியாச்சு, நாளை ஆறரைக்கு வா என்று சொல்லிவிடுங்கள். முதல் வாரம் அது கேட்காது.

அக்கா விஷயத்தில் இன்னொன்றும் செய்தோம். அங்கே வேலை முடிந்து இரவு 10 மணிக்கு அவள் எடுத்தால் இங்கே 12.30. அழுதுவிட்டு வைப்பாள், பிறகு எனக்கு எங்கே தூக்கம்? இப்போது அவளுக்கு ஓய்வு கிடைக்கும் பகல் நேரத்தில் பேசுகிறோம்.

நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள், ஐந்து நிமிடம்.

மழை இரவு மட்டும் வேறு கணக்கு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுக்குள் போனதை மறந்து யார் தூங்க முடியும்? அந்தப் பயத்தை நோய் என்று ஒதுக்காதீர்கள். சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை மாலையிலேயே பாருங்கள். எங்கள் லயத்தில் பெருமழை நாட்களில் வீட்டுக்கு ஓர் ஆள், இரண்டு மணி நேரம் முறை வைத்து விழித்திருக்கிறோம். நம் முறை இல்லாத நேரத்தில் உடம்பு கொஞ்சம் தளர்கிறது.

பகலில் செய்ய வேண்டியது

மனச்சோர்வு நம்மைக் கம்பளிக்குள் இழுக்கும். இழுக்க இழுக்க இரவுத் தூக்கம் கெடும். எழுந்து வெளிச்சத்துக்குப் போங்கள். மலைநாட்டில் வருடம் முழுவதும் சூரியன் காலை ஆறு மணியை ஒட்டியே உதிக்கிறது. மூடுபனியாக இருந்தாலும் வெளியில் உள்ள வெளிச்சம் காம்பரா பல்பைவிடப் பல மடங்கு கூட. இருபது நிமிடம் பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கும் இடம்) வரை நடந்தாலும் சரி. பிறகு தினமும் ஒரு சின்ன வேலை, மனம் வந்தாலும் வராவிட்டாலும். நான் லீக்ஸ் பாத்தி ஒன்று போட்டேன். முதல் மாதம் அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.

தேத்தண்ணி விஷயம் நமக்குக் கசக்கும். தேயிலையில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரமளவில் ஆகும். மாலை 5 மணிக்கு இரண்டு கோப்பை சாயத் தேத்தண்ணி குடித்தால், இரவு 10 மணிக்கு ஒரு கோப்பை உள்ளே நிற்கிறது. பகல் 2 மணியோடு நிறுத்துங்கள், பிறகு கொத்தமல்லித் தண்ணீர். வெற்றிலையில் வைக்கும் பாக்கும் புகையிலையும்கூட விழிப்பைத் தருபவைதான். சாராயம், கசிப்பு சீக்கிரம் தூங்க வைத்துவிட்டு நடுராத்திரி எழுப்பிவிடும், சோர்வையும் கூட்டும்.

மாத்திரை

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூட. முதல் நாட்களில் பதற்றம் சற்றுக் கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். சாகும் எண்ணம் கூடினால் மட்டும் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். ஃபுளுவொக்சற்றீன் போன்றவை தூக்கத்தைக் கலைக்கும் என்பதால் காலையில் போடச் சொல்வார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும்.

டயசிபாம், அல்பிரசோலம் வகைத் தூக்க மாத்திரைகள் கொஞ்ச நாளைக்கு மட்டும்தான். வாரக்கணக்கில் போட்டால் உடம்பு பழகிவிடும். பழகிய பின் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, டொக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறையுங்கள். மதுவோடு எந்த நாளும் சேர்க்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையில் பாதி வாங்கிப் போடுவது நம் லயங்களில் சாதாரணம். நானும் போட்டிருக்கிறேன். செய்யாதீர்கள்.

திரும்ப வந்தால்

வரும். சாவு வீடு, கடன், பரீட்சைக் காலம், எதற்காவது திரும்ப வரும். இரண்டு மூன்று இரவு போனால் ஒன்றும் செய்யாதீர்கள், முக்கியமாக மறுநாள் முன்னேரமாகப் படுக்காதீர்கள். ஒரு வாரம் தாண்டினால் கொப்பியை எடுத்து மறுபடி கணக்குப் போடுங்கள். இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் கிளினிக் திகதிவரை காத்திராமல் போங்கள்.

எனக்கு இப்போது மூன்றாவது கொப்பி. போன வருடம் அப்பாவின் திவசத்தை ஒட்டி ஒன்பது நாள் எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: “படுத்தது 10.45. மழை. தாத்தா இருமினார். அதற்குப் பிறகு தெரியவில்லை.”